பேசும் பெட்டி

அன்பளிப்பை அரபு மொழி 'ஹதிய்யா' என்கிறது. நேர்வழியைக் குறிக்கும் 'ஹிதாயத்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததே. நெஞ்சுக்கு நெஞ்சு வழி காட்டுவதே அன்பளிப்பு என நாம் பொருள் கொள்ளலாம்.

இன்றோ அவ்வேலையைப் பெட்டி ஏற்றுக்கொண்டது. 2009இல் அமெரிக்காவின் 'எண்டர்டெயின்மெண்ட் வீக்லி' இதழ், தன் சில பிரதிகளில் மெல்லிய திரையைப் பதித்து விளம்பரப் படம் காட்டியது. பின்னர் அத்திரை பரிசுப் பெட்டிக்குள்ளும் புகுந்தது. மூடியைத் திறந்தால் போதும். மின்கலம் விழித்துப் படம் ஓடும். 2016இல் கருநாடக முன்னாள் அமைச்சர் ஜனார்த்தன ரெட்டி தம் மகளின் திருமண அழைப்பையே இத்தகைய பெட்டியில் அனுப்பினார். திறந்தோரைக் குடும்பத்தினர் பாடலுக்கு வாயசைத்து வரவேற்றனர்.

நம் பக்கத்து வழக்கம் வேறு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பெண் கொடுப்போர் நேரில் சென்று, ஸலாம் உரைத்து, அழைப்பிதழைக் கையில் தருவர். அந்த ஸலாமுக்கு எத்திரை ஈடாகும்? செல்வர் பெட்டி அனுப்பத் தொடங்கினால், கடன்பட்டேனும் நாமும் அனுப்ப வேண்டுமோ என ஏழைத் தந்தை கலங்குவார். படம் இருமுறை பார்த்தால் சலித்துவிடும்; மின்கலமோ குப்பையில் நஞ்சாகும்.

அண்டை வீட்டார் அளிப்பது ஆட்டுக் குளம்பேயாயினும் இழிவாக எண்ணலாகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். குளம்புக்கு அலங்கார உறை ஏது? செலவு குறைந்த நிக்காஹிலேயே பரக்கத் மிகுதி என்பதும் அவர்கள் வாக்கே. நம் பிள்ளைகளின் நிக்காஹுக்கு நம் நாவே அழைப்புச் சொல்லட்டும்.