வேலூருக்குக் குடி வந்த கணக்கு

பெங்களூரை விட்டு வேலூருக்குப் போகிறோம் என்று 2016-ல் யாரிடம் சொன்னாலும் முதல் பதில் ஒன்று தான். "ஐயோ, வெயிலூருக்கா?" அதற்கு அப்புறம் தான் ஏன், எதற்கு எல்லாம். எனக்கு அப்போது பதினோரு வயது, தம்பிக்கு ஏழு. இரண்டு பேரும் வரவே மாட்டோம் என்று அடம் பிடித்தோம். காரணம் கேட்டவர்களிடம் நாங்களும் அதையே தான் சொன்னோம். "அங்க வெயில் ஜாஸ்தி."

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்றால், என் மாமா (அம்மாவின் தம்பி) வருகிற மே மாதம் குடும்பத்தோடு பெங்களூரில் இருந்து சென்னைக்கு மாறப் போகிறார். அவருடைய பசங்க ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருக்கிறார்கள். "நீ தான் இதுல அனுபவசாலி. பசங்க கிட்ட நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லேன்" என்று போனில் கேட்டார். பசங்களிடம் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. மாமா மாதிரி பெரியவர்களிடம் சொல்லத் தான் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் இந்த வெயில் மேட்டரை முடித்து விடுவோம்.

பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் சுமார் 220 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தக் கணக்கில் உயர வித்தியாசத்துக்கே நாலு டிகிரி போய் விடுகிறது. அதற்கு மேல் ஊரைச் சுற்றிப் பாறை மலைகள், கடல் காற்று எட்டிப் பார்க்காத தூரம், பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கும் பாலாறு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். "ஆறு இருக்கும் தண்ணி இருக்காது, கோட்டை இருக்கும் ராஜா இருக்க மாட்டார்" என்று ஊர்க்காரர்களே கிண்டல் அடிப்பார்கள். (2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நாங்களும் தான்!)

இதில் ஒரு வேடிக்கை, நாங்கள் கிளம்பிய வருஷம் பெங்களூரும் கொதித்தது. 2016 ஏப்ரல் 24-ம் தேதி அங்கே 39.2 டிகிரி. நகரத்தில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். "பார்த்தியா, இங்கயும் அதே தானே?" என்றார் அப்பா. நாங்கள் மசியவில்லை.

மே 16-ம் தேதி தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல். அது முடிந்த பிறகு தான் சாமான் ஏற்ற வண்டி கிடைத்தது. அக்னி நட்சத்திரம் நடந்து கொண்டிருந்த நேரம். ஓசூர் தாண்டும் வரை ஜன்னல் காற்று நன்றாகத் தான் இருந்தது. கிருஷ்ணகிரி பக்கம் இறங்க இறங்க அடுப்புக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி ஆகி விட்டது. ஆம்பூர் வந்தபோது தம்பி சட்டையைக் கழற்றி விட்டான்.

சரி, இந்த வெயில் எத்தனை நாளில் பழகியது? சூடான இடத்துக்கு வந்த உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் தன்னை மாற்றிக் கொள்ளும். சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையோடு போகிற உப்பு குறையும். எங்களுக்கும் அப்படித் தான். ஜூனில் பள்ளி திறந்தபோது வெயில் ஒரு விஷயமாகவே இல்லை. மோர், பானைத் தண்ணீர், மத்தியானம் வெளியே தலை காட்டாமல் இருப்பது, மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரிப்பது எல்லாவற்றையும் பாட்டி சொல்லிக் கொடுத்து விட்டார். அப்பா வேறு ஏர்கூலர் வாங்கிப் போட்டார்.

அப்படியும் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவுக்குப் புரியவே இல்லை. "அதான் கூலர் வாங்கியாச்சே, இன்னும் என்ன?"

என்ன என்று எங்களுக்கே சொல்லத் தெரியாது. பதினோரு வயதில் வாயில் வருவது வெயில் மட்டும் தான். இப்போது பி.காம் கடைசி வருஷத்தில் உட்கார்ந்து கொண்டு கணக்குப் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

அல்சூரில் எனக்கு என்ன இருந்தது? தெருவில் ஷட்டில் ஆடும்போது சண்டை வந்தால் என் பேச்சு எடுபடும். பேக்கரிக்காரர் காசு குறைந்தாலும் பப்ஸைக் கையில் கொடுத்து "நாளெ கொடம்மா" என்பார். ஏரிப் பக்கம் இருக்கிற திருவள்ளுவர் சிலை வரைக்கும் (1991-ல் இருந்து மூடியே கிடந்து 2009-ல் திறந்தார்களே, அதே சிலை தான்) தனியாகப் போய் வர எனக்கு அனுமதி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் தமிழ் பேசுகிற நான் தான் வகுப்பில் கன்னடத்தில் முதல் மார்க். என் நோட்டுக்கு அவ்வளவு கிராக்கி.

கணக்கியலில் இதற்குப் பெயர் குட்வில். தமிழ் வழிப் புத்தகத்தில் நற்பெயர் என்று இருக்கும். ஒரு கடை பல வருஷம் நாணயமாக நடந்தால் வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள் இல்லையா, அந்தத் தேடி வருதலுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் இதில் ஒரு விதி இருக்கிறது. கணக்கியல் தரநிலை 26 சொல்வது, காசு கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டும் தான் சொத்தாகக் காட்டலாம். தானாக வளர்த்துக் கொண்ட நற்பெயரைப் புத்தகத்தில் ஏற்றக் கூடாது. ஏன் என்றால் அதற்கு பில் கிடையாது, நம்பகமாக அளக்கவும் முடியாது. ஆகவே அது அழிந்து போனாலும் நஷ்டக் கணக்கில் ஒரு வரி கூட வராது.

இந்தப் பாடம் நடந்த அன்றைக்கு எனக்கு அப்பாவின் டைரி ஞாபகம் வந்தது. பெங்களூர் வாடகை, வேலூரில் சொந்த வீடு, ரெண்டு ஊர் பள்ளிக் கட்டணம், வண்டி வாடகை, அட்வான்ஸ் திரும்ப வருவது என்று ரெண்டு பக்கம் அழகாகக் கோடு போட்டு எழுதி இருந்தார். கூட்டல் எல்லாம் சரியாகத் தான் இருந்தது. நான் பதினோரு வருஷம் சேர்த்த அந்த ஒரு சமாச்சாரத்துக்கு மட்டும் அதில் வரி இல்லை. அம்மாவுக்கும் இல்லை!

அம்மா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். ஒரு அளவு நோட்டு வைத்திருப்பார். பக்கத்துக்கு ஒருத்தர் என்று அறுபது பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். யாருக்குக் கழுத்து இறக்கம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு தையல் விட வேண்டும் எல்லாம் அதில் உண்டு. பல பேர் துணியைக் கொடுத்து விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போவார்கள். அந்த நோட்டை அம்மா வேலூருக்கும் எடுத்து வந்தார். இங்கே அது வெறும் பேப்பர். நாங்களாவது அடம் பிடித்தோம், அம்மாவை யாரும் "உனக்கு எப்படி?" என்று கேட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. தாத்தாவுக்கு 2015 கடைசியில் பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காமல் போனது. சத்துவாச்சாரி பக்கம் அவருடைய ஹார்ட்வேர் கடை. அதைப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஆனால் இதை எங்களிடம் சொல்லாமல் "அங்க வீடு பெருசு, ஸ்கூல் நல்லா இருக்கும், மாடியில விளையாடலாம்" என்று ஆசை காட்டினார்கள். குழந்தைகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்.

வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். ஒரு கொத்தனார் வந்தார். "பெரியவர் எப்படி இருக்காரு?" என்று கேட்டு விட்டு, பைப்பும் எல்போவும் விலை கேட்காமல் எடுத்துக் கொண்டு, கணக்கில் எழுதச் சொல்லி விட்டுப் போனார். அவர் போன பிறகு அப்பா சொன்னார், "முப்பது வருஷமா இந்தக் கடைக்குத் தான்மா வர்றாரு. ஆறு மாசம் மூடி இருந்தோம்னா வேற கடைக்குப் பழகியிருப்பாரு. இதுக்குத் தான் வந்தோம்."

அவ்வளவு தான். ஒரு நற்பெயரைக் காப்பாற்ற வீட்டில் இருந்த மற்ற நற்பெயர்களை விட்டு விட்டு வந்திருக்கிறோம். அன்றைக்கே வேலூர் பிடித்து விடவில்லை. ஆனால் காரணம் தெரிந்த பிறகு அப்பா மேல் கோபம் பாதியாகி விட்டது. இதே வார்த்தையை வண்டி ஏறும் முன்னால் சொல்லி இருக்கலாம். பதினோரு வயதுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

அடுத்தது மொழி. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்து வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி வந்தது. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 2016-ல் பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ் கட்டாயம். எனக்கோ தமிழ் பேச வரும், கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவு தான். கன்னடத்தில் க, ச, ட, த, ப வரிசைக்கு நாலு நாலு எழுத்து. தமிழில் ஒன்று. "கங்கை" என்று எழுத இரண்டாவது எழுத்தைத் தேடித் தவித்திருக்கிறேன். இன்றைய கன்னடத்தில் ழ, ற இரண்டும் புழக்கத்தில் இல்லை. அங்கே முதல் மார்க் வாங்கிய கை இங்கே டிக்டேஷனில் இருபதுக்கு மூன்று வாங்கியது. எனக்கு வலித்தது இது. கூலர் இதற்கு என்ன செய்யும்?

அந்த வருஷம் செப்டம்பர் 12-ம் தேதி காவிரிப் பிரச்சனையில் பெங்களூரில் கலவரம். தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள பேருந்துகளையும் லாரிகளையும் எரித்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த வாரம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், "உங்க ஊர்ல தமிழ்க்காரங்கள அடிக்கிறாங்களாமே. நீ கன்னடமா, தமிழா?" அல்சூரில் நான் தமிழ்ப் பெண். இங்கே கன்னடப் பெண். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அல்சூர் எதிர்வீட்டுத் தோழிக்குப் போன் போட்டேன். "நாங்கல்லாம் வீட்டுக்குள்ள தான் இருக்கோம். நீ எப்போ வருவே?" என்றாள் கன்னடத்தில். இரண்டு ஊரும் சண்டை போட்ட நாளில் என்னை வா என்று கூப்பிட்டது அவள் தான்.

தமிழ் எப்படியோ வந்தது. பாட்டியும் தினத்தந்தியும் சேர்ந்து இரண்டு வருஷத்தில் கொண்டு வந்தார்கள். ஐந்து வருஷமாகப் பயந்து நடுங்கிய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பொதுத்தேர்வு 2021-ல் கொரோனாவால் நடக்கவே இல்லை, எல்லோரும் பாஸ்! :-)

தம்பி கதையே வேறு. ஏழு வயதில் சேர்த்து வைத்தது குறைவு, அதனால் விட்டதும் குறைவு. இரண்டே மாதத்தில் தெருப் பையன் ஆகி விட்டான். ஆனால் இன்றைக்கு அவனுக்குக் கன்னடம் சுத்தமாக மறந்து விட்டது. அவனுக்குத் தெரியக் கூடாத விஷயத்தை நானும் அம்மாவும் கன்னடத்தில் தான் பேசிக் கொள்கிறோம்.

ஆகவே ஊர் மாறும் பெரியவர்களே... பிள்ளைகள் வெயில் என்று சொன்னால் வெயிலுக்குப் பதில் சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். இங்கே எது போய் விடும் என்று பயப்படுகிறார்கள் எனக் கேளுங்கள். பெரிய வீடு, மாடி என்று ஆசை காட்டுவதை விட நிஜமான காரணத்தைச் சொல்லுங்கள், கடன் என்றால் கடன் என்றே சொல்லுங்கள். புது ஊரில் வேறு மொழிப் பாடம் என்றால் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே எழுத்தை ஆரம்பித்து விடுங்கள், முதல் நாள் வகுப்பில் தலை குனியாமல் இருக்க அது ஒன்று போதும். பழைய ஊருக்குத் திரும்பிப் போய் வர ஒரு தேதி குறித்து டிக்கெட்டைக் கையில் கொடுங்கள். எங்களுக்கு அந்த வருஷ தசரா லீவில் காட்பாடியில் இருந்து லால்பாக் எக்ஸ்பிரஸில் போனது ஒரு பெரிய ஆறுதல். கலவரம் நடந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, அப்பா யோசித்தார். அம்மா தான் பிடிவாதமாகக் கூட்டிப் போனார்.

இன்னொன்று. "போகப் போகப் பழகிடும்" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். பழகும் தான். அதற்காகப் போனது போகவில்லை என்று ஆகி விடாது.

அம்மாவுக்கு வேலூரில் முதல் பிளவுஸ் கொடுத்தது அந்தக் கொத்தனாரின் மனைவி. தாத்தா கடை மருமகள் என்று தேடி வந்தார். இப்போது அம்மாவிடம் புது அளவு நோட்டு இருக்கிறது, பாதிக்கு மேல் நிரம்பி விட்டது. பழைய நோட்டு தையல் மெஷின் டிராயரில் அப்படியே கிடக்கிறது. போன வருஷம் பெங்களூரில் ஒரு கல்யாணத்தில் பழைய வாடிக்கைக்கார அம்மா ஒருவர் துணியை நீட்டி, "அளவு இருக்குல்ல?" என்று கேட்டார். அம்மா "இருக்கு" என்று வாங்கி வந்து தைத்து அனுப்பினார். அளவு மாறி இருந்ததாம். பார்சல் திரும்பி வந்தது, அம்மா சிரித்துக் கொண்டே பிரித்து மறுபடி தைத்தார். நோட்டிலும் பழைய அளவை அடித்து விட்டுப் புதுசை எழுதி வைத்தார்.