அரக்கோணம் வண்டியில் சோழர் காலம்

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில் அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு, திருவள்ளூரையும் தாண்டித் திருவாலங்காட்டில் நிற்கும். ‘பொன்னியின் செல்வ’னை நேசிக்கும் எவரும் ஒருமுறையாவது இறங்கிப் பார்க்க வேண்டிய நிலையம் அது. காரைக்கால் அம்மையாருக்காகவும் இரத்தின சபைக்காகவும் போகிறவர்கள் நிறைய. நான் முதலில் போனது ஒரு செப்பேட்டுக்காக.

1905ஆம் ஆண்டு அந்த ஊரில் முதலாம் இராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. வளையத்தில் கோத்து, அரச முத்திரையிட்ட 31 ஏடுகள். பக்கத்திலிருக்கும் பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்கு எழுதிவைத்த சாசனம் அது. அதன் வடமொழிப் பகுதி சோழர் வம்சத்தை வரிசையாகச் சொல்லி வருகிறது. ஆதித்த கரிகாலன் மறைந்தபின் குடிமக்கள் அவன் தம்பி அருண்மொழியை, பின்னாளின் இராஜராஜனை, ஆளச் சொல்லி வேண்டுகிறார்கள். சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கிறவரை எனக்கு அது வேண்டாம் என்று இளவரசன் விலகுகிறான். உத்தமன் முடிசூடுகிறான். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு வாரவாரம் கல்கி எழுதிய ஐந்து பாகப் ‘பொன்னியின் செல்வன்’ கதையும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேருகிறது.

எங்கள் வீட்டில் அந்தக் கதை, பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகமாக இருந்தது. அம்மா அதை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பாகம் முடிந்தால்தான் அடுத்த பாகம் என்ற கணக்கில் கொடுப்பார். நானும் அப்படித்தான் படித்தேன். பல காலம் கழித்து, நூலகத்தில் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் செப்பேட்டின் மொழிபெயர்ப்பைப் பார்த்தபோது, கதையின் மாயம் கலைந்துவிடுமோ என்று பயந்தேன். கலையவில்லை. அருண்மொழியின் தியாகத்தைக் கல்கி இட்டுக்கட்டவில்லை. அவன் மகன் காலத்துச் சாசனமே அதைச் சொல்லியிருக்கிறது என்று தெரிந்ததும் கதைமேல் இருந்த பிரியம் இரட்டிப்பானது. உத்தம சோழனான மதுராந்தகன் யார் என்பதில் கல்கி தன் கற்பனையை எவ்வளவோ ஓடவிட்டார். ஆனால் அருண்மொழி விட்டுக்கொடுத்தான், உத்தம சோழன் என்ற பெயரில் ஒருவன் ஆண்டான் என்பதில் கைவைக்கவில்லை. சாசனம் பேசுகிற இடத்தில் அடங்கி நிற்பதும், அது வாய்மூடுகிற இடத்தில் துணிந்து பேசுவதும்தான் நல்ல சரித்திர நாவலாசிரியனின் லட்சணம் என்று அன்று எனக்குப் புரிந்தது.

காதலுக்கும் இதே கணக்குதான். குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் இருந்த உறவுக்கு நம்மிடம் இருக்கும் சான்று மிகச் சிறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, இராஜராஜனின் அக்காளான அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கிறது. எங்கே பார்த்தார்கள், யார் முதலில் பேசினார்கள், ஒன்றும் கிடையாது. கோயிலுக்குப் பொன்னும் திருமேனிகளும் கொடுத்த கணக்கு எழுதும்போது போகிறபோக்கில் வரும் குறிப்பு அது. அந்தக் குறிப்பிலிருந்து ஓலை கொண்டுவரும் வீரனும், அவனுடைய குறும்பும், அரண்மனைத் தோட்டத்துப் பேச்சும் முளைத்திருக்கின்றன. முழுக்கக் கற்பனையான காதலர்கள் சேர்ந்தால் சந்தோஷப்படுகிறோம். இவர்களுக்காக மனம் வேறு மாதிரி இளகுகிறது; இருவரும் நிஜமாகவே வாழ்ந்தவர்கள், கணவன் மனைவியாக இருந்தவர்கள் என்று கல் சொல்கிறதே! அம்மாவுக்கு என்னவோ பூங்குழலியைத்தான் பிடிக்கும். அவள் கல்கி கற்பனையில் பெற்ற பெண்.

கதையின் நந்தினி பிறந்ததும் ஒரு மௌனத்திலிருந்துதான். காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறித்து, அவர்கள் நிலம் பறிபோனதையும் பதிவு செய்திருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்த ‘ஏன்’ என்ற இடத்தில்தான் அவள் வந்து நிற்கிறாள்.

சாண்டில்யனையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய வர்ணனைகள் சில இடங்களில் எனக்கு நீளம்தான். ஆனாலும் ‘கடல் புறா’வில் காற்றையும் பாயையும் கப்பலையும் அவர் சொல்லும் உறுதிக்காகவே அதில் வரும் காதலையும் நம்பிவிடுகிறோம். நாயகன் கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப்பரணி கொண்டாடும் படைத்தலைவன்.

இந்த நம்பிக்கையை உடைக்கச் சின்ன விஷயம் போதும். சோழர் கால அடுக்களையில் ஒருத்தி மிளகாய் வற்றலைத் தாளித்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படிக் கடல் கடந்து வந்தவைதான். அன்றைய காரம் மிளகும் இஞ்சியும். ஒரு வாரப் பயணத்தைக் குதிரையில் ஒரே இரவில் முடிப்பவனையும் என்னால் ஏற்க முடிவதில்லை. சாப்பாட்டிலும் தூரத்திலும் அக்கறை காட்டாதவர் மனசைப் பற்றி எழுதுவதை எப்படி நம்புவது? ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் கல்கி. இன்று தகவல் எளிதாகக் கிடைக்கிறது. ஊருக்குப் போய்ப் பார்க்கும் பழக்கம்தான் குறைந்துவிட்டது.

அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை, ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை, பூந்தமல்லி என்றால் நெடுஞ்சாலை என்றே பேசுகிறார்கள். சுந்தரர் பாடிய திருமுல்லைவாயலும், திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லியும் இங்கேதான் இருக்கின்றன. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலம். 949இல் அங்கே நடந்த போரில் யானைமேல் இருந்தபடியே இராஜாதித்த சோழன் உயிர்விட்டான். அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகன் அடைந்த பரிசைச் சொல்லும் ஆதகூர்க் கல்வெட்டு பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லிலேயே, காட்டுப்பன்றியோடு சண்டையிட்டுச் செத்த காளி என்ற வேட்டை நாயின் கதையும் இருக்கிறது. ஒரு பேரரசின் தோல்வியையும் ஒரு நாயின் வீரத்தையும் ஒரே கல்லில் எழுதிய காலம் அது. தொட்டுப் பார்க்க எத்தனை மனிதர்கள் அதற்குள் இருப்பார்கள்!

இந்தப் பகுதியில் எழுத வந்திருக்கும் இளைஞர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். தஞ்சைக்குப் போகும் முன் இந்த ரயிலில் ஏறுங்கள். பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்தபோது பெண் யானையை ஊரைச் சுற்றி நடத்தி எல்லை குறித்தார்கள். அந்த யானையை நடத்தியவர்களுக்கும், நின்று பார்த்த பழையனூர்ப் பெண்களுக்கும் வீடும் காதலும் சண்டையும் இருந்திருக்கும். சாசனத்தை முதலில் படியுங்கள், அந்த எல்லையில் நடந்து பாருங்கள், பிறகு அவர்கள் கதையை எழுதுங்கள்.