முடிக்கப்படாத கைகள்

‘ஓவியரும் அவர் அன்னையும்’ என்னும் ஓவியத்தை நாம் நேரில் கண்டதில்லை. நூலொன்றில் அச்சிட்ட படியையே கண்டோம். முக்காடிட்ட தாய் ஒருத்தி அமர்ந்து நம்மை நேரே நோக்குகிறாள். அருகே சிறு பூங்கொத்துடன் மகன் நிற்கிறான். முகங்களைத் தீட்டுவதில் ஓவியர் காட்டிய கவனம் கைகளில் இல்லை. தாயின் கைகள் விரல்களற்ற வெண்திட்டுகளாகவே விடப்பட்டுள்ளன. ஏன் இப்படி என்னும் கேள்வியே நம்மை அவருடைய வாழ்வுக்குள் இட்டுச் சென்றது.

உலகம் அவரை அர்ஷில் கார்க்கி என அறியும். ஆனால் அவருடைய இயற்பெயர் வொஸ்தானிக் அதோயன். ஏறத்தாழ 1904-இல், அன்றைய ஓட்டோமன் பேரரசில், வான் ஏரிக்கரையிலுள்ள ஆர்மீனியச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தாய் ஷூஷான் ஆர்மீனியத் திருச்சபையின் குருக்கள் மரபில் வந்தவர். அத்திருச்சபையில் மணம் புரிந்தோரும் குருக்களாவதுண்டு. மகன் சிறுவனாயிருக்கையிலேயே தந்தை அமெரிக்கா சென்றுவிட்டார். 1912-இல் தாயும் மகனும் ஒரு நிழற்படம் எடுத்து அவருக்கு அனுப்பினர். தங்களை மறந்துவிட வேண்டாம் என்பதே அப்படத்தின் சொல்லாத வேண்டுகோள் எனலாம். 1915-இல் ஆர்மீனியர் இனப்படுகொலை தொடங்கியது. தாயும் பிள்ளைகளும் வானைவிட்டு ஏரெவான் நகருக்குத் தப்பியோடினர். அங்கே 1919-இல் தாய் பட்டினியால் மாண்டார். மறு ஆண்டு மகன் தன் தங்கையுடன் அமெரிக்கக் கரையை அடைந்தான்.

வளர்ந்து ஓவியரானபின் அவர் தம்மை ரஷ்யர் என்றும், மாக்சிம் கார்க்கியின் உறவினர் என்றும் சொல்லிக்கொண்டார். ‘தாய்’ நாவலால் தமிழர் நன்கறிந்த அவ்வெழுத்தாளருக்கும் கார்க்கி என்பது புனைபெயரே. ரஷ்ய மொழியில் அதன் பொருள் ‘கசப்பு’. இரவல் பெயரிலும் அவருடைய துயரம் ஒளிந்துகொள்ளவில்லை.

இப்பொய்யை எண்ணி முகஞ்சுளிக்குமுன், அவர் வந்திறங்கிய நாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்து அமெரிக்க வீடுகளில், தட்டில் உணவை மிச்சம் வைக்கும் பிள்ளைகளிடம், “பட்டினி கிடக்கும் ஆர்மீனியரை நினைத்துக்கொள்” என்று சொல்வது வழக்கமாயிருந்தது. இரக்கத்தில் பிறந்த பேச்சுத்தான் அது. அந்த இரக்கம் பல உயிர்களைக் காத்ததும் உண்மை. ஆயினும் தன் தாயைப் பட்டினிக்குப் பறிகொடுத்த ஓர் இளைஞனின் செவியில் அது எப்படி விழுந்திருக்கும்? அவனுடைய ஊரும் மொழியும் வழிபாடும் மறைந்து, பிச்சைப் பாத்திரம் ஒன்றே அவன் இனத்தின் அடையாளமாகிவிட்டது. அதனாலேயே அவன் பெயரை மறைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பங்குகளில் உதவி வழங்கும் நாளில் நாமும் பெயர்களைக் கேட்டு எழுதுகிறோம். பட்டியலை நிரப்புவதற்காகக் கேட்கிறோமா, அம்மனிதரோடு பழகுவதற்காகக் கேட்கிறோமா? வேற்றூரிலிருந்து வந்தவருக்கு அரிசி கொடுப்பது எளிது. அவரைத் திருவிழாக் குழுவில் அமர்த்திக் கருத்துக் கேட்பது அத்துணை எளிதன்று. முன்னதை மட்டும் செய்து நிறுத்திவிட்டால், அவர் நம்மிடையே எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்நியராகவே இருப்பார்.

ஊராரிடம் மறைத்ததைக் கார்க்கி ஓவியத்தில் மறைக்கவில்லை. ஏறத்தாழ 1926 முதல் அந்தப் பழைய நிழற்படத்தைக் கொண்டு இரண்டு பெரிய ஓவியங்களைத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறக்குறைய 10 ஆண்டுகள் அதில் உழைத்தார். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலுள்ள மற்றதை 1942 வரையிலுங்கூடக் கைவிடவில்லை. வண்ணம் பூசுவார், உலர்ந்ததும் சுரண்டுவார், மீண்டும் பூசுவார். நிழற்படத்தில் தாயின் மேலாடையில் காணும் பூவேலைப்பாடு ஓவியத்தில் இல்லை. எல்லாம் துறந்த ஒரு தூய உருவமாக அவள் அமர்ந்திருக்கிறாள்.

கைகளை ஏன் முடிக்கவில்லை என்பதற்குக் கலை அறிஞர் பலவாறு விளக்கம் தருவர். நம் எண்ணம் எளியது. பிள்ளைக்கு ஊட்டுபவை தாயின் கைகள். ஊட்ட ஒன்றுமின்றி ஓய்ந்துபோன அக்கைகளைத் தீட்டி முடிக்க மகனுக்கு மனம் வரவில்லை போலும்.

1946-இல் அவருடைய ஓவியக்கூடம் தீப்பற்றியது. அவ்வாண்டே புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் நடந்தது. 1948-இல் ஒரு கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. அதே ஆண்டு ஜூலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய தீர்ப்பை இறைவனிடம் விட்டுவிடுவோம். நம் தெருவில் புதிதாகக் குடிவந்திருப்பவர் தம் ஊரையும் தாயையும் பற்றிக் கூச்சமின்றிப் பேசத்தக்க ஒருவராக நாம் இருக்கிறோமா என்பதே நமக்குரிய கேள்வி.