சும்மா இருக்க எத்தனை வாட்?

பைக் வாங்கப் போனால் நம்ம ஊரில் முதல் கேள்வியே "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். அதே ஆள் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் "எத்தனை கிகாஹெர்ட்ஸ், எத்தனை கோர், எத்தனை ஜிபி ராம்?" என்று கேட்பார். கரண்ட் எவ்வளவு குடிக்கும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டருக்கும் மைலேஜ் உண்டு மக்களே. இன்றைக்கு அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்குதான் :-)

இதை எழுத எங்கள் வீடுதான் காரணம். அப்பா வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு இப்படி. கோர் 2 டுயோ போட்ட பழைய அசெம்பிள்டு பொட்டி ஒன்று காலையில் ஆன் ஆனால் ராத்திரிதான் ஆஃப் ஆகும். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ஈபி பில் வரும்போதெல்லாம் அம்மா, "அந்தப் பொட்டிய எடைக்குப் போட்டாத்தான் பில்லு குறையும்" என்பார். அப்பாவோ, "அது பாட்டுக்கு ஓடுது, அது என்னத்த குடிச்சிரப் போவுது" என்பார். புதுசு வாங்கப் பணம் கிடையாது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று 18,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா, வேண்டாமா? சண்டையைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 2000-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் உலகம் முழுக்க கிகாஹெர்ட்ஸ் பின்னால் ஓடியது. இன்டெல் 2004 பிப்ரவரியில் "ப்ரெஸ்காட்" என்ற பென்டியம் 4-ஐக் கொண்டுவந்தது. வேகத்தை ஏற்றிக்கொண்டே போவதற்காக, ஒரு கட்டளையை 31 கட்டங்களாகப் பிரித்து வேலை பார்க்கும் டிசைன் அது. முந்தைய மாடலில் 20 கட்டங்கள்தான். அதே கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டால் பல சோதனைகளில் பழையதை விட இது வேகமாகவும் இல்லை, சூடோ அதிகம். உச்ச மாடல் 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் சிப் வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அப்போதைய தலைவர் கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஏன் நின்றது? சிப்பின் மின்செலவு அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். அது மட்டுமில்லை, வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர் விகிதம். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். ஆகவே வேகம் கொஞ்சம் ஏறினால் செலவு எக்கச்சக்கமாக ஏறுகிறது. அதற்கு முன்னால் டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் வோல்டேஜும் சேர்ந்து குறையும் என்ற வரம் இருந்தது. ராபர்ட் டென்னார்ட் குழுவினர் 1974-ல் எழுதிய கட்டுரை அதைத்தான் சொன்னது. 90 நானோமீட்டர் வந்தபோது, ஆஃப் ஆகியிருக்கும் டிரான்சிஸ்டர்களே கரண்டைக் கசியவிட ஆரம்பித்தன. வரம் அங்கே முடிந்தது.

2006 ஜூலையில் கோர் 2 டுயோ வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஈ6600, 65 வாட் வகை. 3.73 கிகாஹெர்ட்ஸில் ஓடிய 130 வாட் பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷனைப் பெரும்பாலான சோதனைகளில் தோற்கடித்தது. கிகாஹெர்ட்ஸும் குறைவு, வாட்டும் பாதி, வேலை மட்டும் அதிகம்! எங்கள் வீட்டுப் பொட்டியில் இருப்பது அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அந்தக் காலத்தில் சிக்கனத்துக்குப் பேர் போனது என்று அம்மாவிடம் சொன்னேன். "எந்தக் காலத்துல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டப்பா மேல் போட்டிருக்கும் வாட், சிப் குடிக்கும் கரண்ட் அல்ல. எவ்வளவு சூட்டை வெளியேற்றுகிற ஃபேன் வேண்டும் என்பதற்கான வழிகாட்டிதான் அது. 2022-ல் வந்த கோர் ஐ9-13900கே-வுக்கு அடிப்படை 125 வாட் என்று போட்டிருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அதே சிப்புக்கு இன்டெல்லே கொடுத்திருக்கிற உச்ச அளவு 253 வாட். போதாததற்கு எஸ்எம்பிஎஸ் தனியாக ஒரு கமிஷன் எடுத்துக்கொள்ளும். 2004-ல் "80 பிளஸ்" என்ற தரச் சான்றிதழ் வந்ததே அதற்காகத்தான். 100 வாட் வாங்கினால் 80 வாட்டாவது உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். ஆகவே டப்பாவை நம்பிப் பிரயோஜனமில்லை, சுவரில்தான் அளக்க வேண்டும்.

அளக்க வாட் மீட்டர் வேண்டும். என்னிடம் இல்லை. ஆனால் எல்லார் வீட்டு வாசலிலும் ஒன்று தொங்குகிறதே! எலக்ட்ரானிக் ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில், ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் என்று அச்சடித்திருக்கிறது. ஒரு யூனிட் என்பது 1000 வாட் அவர். அப்படியானால் ஒரு சிமிட்டல் 0.3125 வாட் அவர், அதாவது 1125 ஜூல். 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு நடுவே உள்ள விநாடிகளால் வகுத்தால் வாட் வந்துவிடும். பைசா செலவில்லை. (உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மா மாவு புளிக்குமென்று திட்டியது தனிக்கதை. போட்டிக்கு மூன்று பேர். அப்பாவின் டெஸ்க்டாப், எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட என் லேப்டாப், நண்பனிடம் கடன் வாங்கிய ராஸ்பெரி பை 4. வேலை ஒன்றுதான்: எங்கள் கல்லூரி விழா வீடியோ ஒன்றை அதே மென்பொருளில், அதே செட்டிங்கில் சுருக்க வேண்டும். லேப்டாப் பேட்டரியை முன்பே முழுசாக ஏற்றிவிட்டேன், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். பை ரொம்பக் குறைவாகக் குடிக்கும், மீட்டர் கண்டுகொள்ளாமலே விட்டுவிடலாம். அதனால் ஒரு எல்இடி டியூப்லைட்டையும் சேர்த்து எரியவிட்டு, பிறகு லைட்டின் பங்கை மட்டும் தனியாக எண்ணிக் கழித்தேன்.

முடிவுகள்:

டெஸ்க்டாப் (மானிட்டர் இல்லாமல்): 40 நிமிடம், 192 சிமிட்டல். அதாவது 60 வாட் அவர்.

லேப்டாப் (திரையோடு சேர்த்து): 11 நிமிடம், 18 சிமிட்டல். 5.6 வாட் அவர்.

ராஸ்பெரி பை: 70 நிமிடம், 22 சிமிட்டல். 6.9 வாட் அவர்.

இதில் கவனிக்க வேண்டியது பையைத்தான். அது குடித்தது 6 வாட். லேப்டாப் குடித்தது 30 வாட். வாட்டை மட்டும் பார்த்தால் பைக்குத்தான் கோப்பை. ஆனால் ஒரே வேலையை முடிக்க ஆன மொத்தச் செலவில் லேப்டாப்தான் ஜெயித்தது, சீக்கிரம் முடித்துவிட்டுப் படுத்துவிட்டதால். வாட் என்பது தண்ணீர் போகிற வேகம். நமக்கு வேண்டியது வேலை முடியும்போது எத்தனை குடம் காலியானது என்பது. ஆகவே இரண்டு மெஷினை ஒப்பிட வாட்டை நேரத்தால் பெருக்கியே ஆக வேண்டும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டரின் மொத்த வரலாறும் பிரமிப்பாக இருக்கிறது. 1946-ல் அறிமுகமான எனியாக் சுமார் 150 கிலோவாட் குடித்து விநாடிக்கு 5000 கூட்டல் போட்டது. ஒரு கூட்டலுக்கு 30 ஜூல்! 2022 ஜூனில் உலகின் முதல் இடத்தைப் பிடித்த அமெரிக்காவின் ஃபிரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஜூலில் சுமார் 5,200 கோடி கணக்கு போட்டது. அதனால் கரண்ட் மிச்சமானதா என்றால் இல்லை. ஃபிரான்டியர் மொத்தமாகக் குடித்தது 21 மெகாவாட். மைலேஜ் கூடக்கூட நாம் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போகிறோம்.

சரி, வீட்டுக்கு வருவோம். லேப்டாப் பத்து மடங்கு சிக்கனம் என்று தெரிந்துவிட்டது, வாங்கிவிட வேண்டியதுதானே? அவசரப்படாதீர்கள். அப்பா வீடியோ சுருக்குவதில்லை. "திருமண அழைப்பிதழ்" என்று டைப் அடிக்கிறார். அதற்கு சிபியு கண்ணைக்கூடத் திறக்க வேண்டாம். பாதி நேரம் ஆள் வாசலில் கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருப்பார், பொட்டி சும்மா உட்கார்ந்திருக்கும். ஆகவே சும்மா இருக்கும்போது எவ்வளவு என்பதை அளந்தேன். டெஸ்க்டாப் 18 விநாடிக்கு ஒரு சிமிட்டல், 62.5 வாட். மானிட்டர் 20 வாட். லேப்டாப் எல்லாம் சேர்த்தே 8 வாட்.

அடித்துப் பிடித்து வேலை பார்க்கும்போது 90, ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போது 62! பழைய மெஷின்களின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதும் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே நிற்கிற பைக் மாதிரி. புதிய சிப்களில் நடந்த பெரிய முன்னேற்றமும் இந்த இடத்தில்தான். ஆப்பிளே வெளியிட்ட கணக்கில், 2018 மேக் மினி சும்மா இருக்க 20 வாட் எடுத்தது. 2020-ல் வந்த எம்1 சிப் மேக் மினிக்கு அது 6.8 வாட்.

இப்போது பில். நாளைக்குப் பத்து மணி நேரம், அறுபது நாள், 600 மணி நேரம். டெஸ்க்டாப்பும் மானிட்டரும் 49.5 யூனிட். லேப்டாப் என்றால் 4.8 யூனிட். வித்தியாசம் சுமார் 45. எங்கள் பில் 525 யூனிட் பக்கம் வரும். 2022 செப்டம்பர் கட்டணத்தில் போட்டுப் பார்த்தேன் (2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது). அதில் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் 2.25-லிருந்து 4.50-க்குத் தாவிவிடும். 525 யூனிட்டுக்கு 2150 ரூபாய். 480 யூனிட்டுக்கு 1605. வித்தியாசம் 545 ரூபாய்! அம்மா சொன்னது சரிதான், பொட்டி நன்றாகவே குடிக்கிறது.

ஆனால் வருஷத்துக்கு ஆறு பில், 3270 ரூபாய். லேப்டாப் 18,000. போட்ட காசு திரும்ப ஐந்தரை வருஷம். அதற்குள் பேட்டரி போய்விடும். இன்னொன்றும் உண்டு. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் வெளியிடும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே போய்விடுகிறது, ஆப்பிளின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பார்த்தாலே தெரியும். ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போடுவது பூமிக்கும் லாபமில்லை.

பிறகு என்ன வழி? அப்பா உண்மையில் கை வைத்து வேலை பார்ப்பது நாளைக்கு மூன்று மணி நேரம்தான், இரண்டு நாள் குறித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் தொடாவிட்டால் தூங்கப் போகுமாறு செட்டிங் மாற்றினேன். தூக்கத்தில் 3 வாட்தான். இப்போது கணக்குப் போட்டால் 16 யூனிட். 33 யூனிட் மிச்சம். 525 என்பது 492 ஆகிவிடும், 500-க்குக் கீழே! பில் 1677 ரூபாய். 18,000 செலவழித்தால் கிடைக்கிற 545 ரூபாயில் 473 ரூபாய், நயா பைசா செலவில்லாமல்.

"தட்டுனா எந்திரிக்குமா?" என்று அப்பா சந்தேகமாகக் கேட்டார். எழுந்துகொள்கிறது, நாலு விநாடியில். அம்மாவுக்கு இன்னும் பொட்டி மேல் நம்பிக்கை வரவில்லை, அடுத்த பில் வரட்டும் என்கிறார்.

ஆகவே கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நண்பர்களே, மூன்று கேள்வி கேளுங்கள். என் வேலையை முடிக்க எவ்வளவு நேரம்? அதற்குள் எத்தனை வாட் அவர்? சும்மா இருக்க எத்தனை வாட்? ராப்பகலாக வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு முதல் இரண்டும் முக்கியம். நம்மில் பெரும்பாலோருக்கு மூன்றாவதுதான் பில்லைத் தீர்மானிக்கும். ஏனென்றால் நம் கம்ப்யூட்டர்கள் வாழ்க்கையில் பெரும்பகுதி நமக்காகக் காத்திருப்பதிலேயே கழிகிறது.

உங்கள் வீட்டு மீட்டரிலும் ஒருநாள் எண்ணிப் பாருங்கள். எத்தனை விநாடிக்கு ஒரு சிமிட்டல் என்று எனக்கும் சொல்லுங்கள். ஃபிரிட்ஜை ஆஃப் செய்யும் முன் அம்மாவிடம் பர்மிஷன் வாங்கிக்கொள்வது நல்லது!