அஞ்சு மார்க் பாக்கி



2009 வாக்கில் ஒரு பிளஸ் டூ பையன், வகுப்பு மார்க் பட்டியலை ரேங்க் வாரியாக அடுக்கும் புரோகிராம் எழுதிக் கொண்டுவந்தான். பிஎச்பியில் எழுதி, பிரவுசர் இல்லாமல் கறுப்புத் திரையில் ஓட்டிக் காட்டினான். விடை சரி. "ஏலே, வெப்சைட்டுக்கு உள்ளதை இங்க எதுக்குக் கொண்டாந்த? சி பிளஸ் பிளஸ்ல எழுதிட்டு வா" என்றேன். அஞ்சு மார்க்கையும் போடவில்லை. முகம் வாடிப் போனான்.

இப்போது பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் பாடத்திலேயே பிஎச்பி இருக்கிறது. பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க நானும் உட்கார்ந்து படித்தேன்.

போன வாரம் அது கைகொடுத்தது. சங்கரன்கோவிலில் நம் பழைய மாணவர் சந்திப்புக்குப் பெயர் அட்டை அடிக்க வேண்டும். 12 எழுத்துக்கு மேல் உள்ள பெயர்களைத் தனியாகப் பிரித்துத் தாருங்கள் என்றார் அச்சகக்காரர். பட்டியலில் 240 பேர். பிஎச்பியில் இருபதே வரி எழுதினேன். கறுப்புத் திரையில் 'பிஎச்பி' என்று அடித்து, புரோகிராம் பெயரையும் பட்டியல் பெயரையும் கொடுத்தால் போதும். பிரவுசரும் வேண்டாம், சர்வரும் வேண்டாம்.

முதலில் தடுமாறியது. நம் ஊர்ச் சாமி பெயரான 'சங்கரநாராயணன்' 39 எழுத்து என்றது! 'ஸ்டர்லென்' எண்ணுவது பைட்டை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். 'எம்பி ஸ்டர்லென்' 13 என்றது. அது புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'கிராபீம் ஸ்டர்லென்' போட்டதும் 9. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணினாலும் அதுதான் வரும்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்துக்காகத் தொடங்கியது பிஎச்பி. 2002 கடைசியில் வந்த 4.3 பதிப்பிலேயே கமாண்ட் லைனுக்கென்று தனி வடிவம் சேர்ந்துவிட்டது. சர்வரில் ஒரு பக்கம் 30 விநாடிக்கு மேல் ஓடினால் வழக்கமாக நிறுத்திவிடும். கறுப்புத் திரையில் அந்தக் கெடு கிடையாது. பெரிய பட்டியலுக்கு அதுதான் தோது. இன்று பிஎச்பிக்காரர்கள் தினமும் பயன்படுத்தும் கம்போசரே பிஎச்பியில் எழுதிய கமாண்ட் லைன் புரோகிராம்தான்.

ஆக, அந்தப் பையன் செய்தது 2009இலேயே முறையான வேலை. தெரியாதது எனக்கு. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், தப்பு என்று சொல்லிவிட்டேன்.

தம்பி, பெயர் போடவில்லை. படித்தால் உனக்கே தெரியும். பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது, 7 எழுத்து. சந்திப்புக்குக் கட்டாயம் வா. அஞ்சு மார்க்கை அந்த அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன்.