மார்க் 3-இல் ஒரு வோல்ட் மீட்டர்

எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே ராத்திரி மாட்டிக்கொண்டால் ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் ஓடும். எஞ்சின் மட்டும் ஐட்லிங்கில். என் 1976 அம்பாசடர் மார்க் 3-இல் இன்னும் டைனமோதான். ஐட்லிங்கில் அது சார்ஜ் கொடுக்காது. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சாத்தாங்காடு இரும்புச் சந்தை வாசலில் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்த அன்று, மீட்டர் போட்டுவிடுவது என்று முடிவு.

*

ஆசை என்னவோ ஆம்மீட்டர் மேல். திருவொற்றியூரில் 1956-இலிருந்து புல்லட் செய்த பக்கம் இது. இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் தலையில் முள் கூடவே துள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் காரில் அதை மாட்டினால், ஸ்டார்ட்டர் தவிர மொத்தக் கரண்டும் அதன் வழியாகப் போய்வர வேண்டும். ஒரு நட் தளர்ந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே சூடேறும். வோல்ட் மீட்டருக்கு இரண்டு மெல்லிய ஒயர், 2 ஆம்பியர் ஃபியூஸ். புதுப்பேட்டையில் 52 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று வாங்கினேன்.

*

ஒயர் நிறத்தில் லூகாஸ் வழக்கம்: பழுப்பு, பேட்டரியிலிருந்து நேரே. வெள்ளை, சாவி போட்டால். பச்சை, சாவியும் ஃபியூஸும் தாண்டி. கருப்பு எர்த். 1949-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 பூட்டிய காலத்திலேயே இந்தப் பக்கத்துக்கு இது மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

"பச்சைய நம்பாத நைனா. அம்பது வருசத்துல எவன் எவன் கை வச்சானோ" என்றார் எலெக்ட்ரிஷியன் பெரியவர். டெஸ்ட் லேம்ப் வைத்தார். ஒரு பச்சையில், சாவி போடாமலே லேம்ப் எரிந்தது.

*

மாட்டி, எஞ்சினை முறுக்கினால் முள் 13-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஹெட்லைட் போட்டால் இன்னும் இறங்குகிறது. பெரியவர் கட்-அவுட் பெட்டியில் ரெகுலேட்டரைத் திருக ஸ்க்ரூ டிரைவர் எடுத்தார், கையைப் பிடித்துவிட்டேன். பேட்டரி முனையில் மல்டிமீட்டர் 13.9 காட்டியது. அப்படியானால் 0.9 வோல்ட் வழியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. மீட்டரின் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வைத்தோம்: 0.6. ஹெட்லைட்டுக்கும் அதே எர்த் போல்ட்தான். கழற்றினால் லக் முழுக்கப் பச்சைக் களிம்பு, கடற்காற்று தின்றது. உப்பு வைத்த வேலைக்கு உப்புத்தாள்: தேய்த்து, புது லக் வைத்து, கிரீஸ் தடவினோம். மீதி 0.3 ஃபியூஸ் கவ்வும் இடத்தில் இருந்தது.

ரெகுலேட்டரைத் தொட்டிருந்தால் நல்ல பேட்டரி ஓவர்சார்ஜில் போயிருக்கும். பெரியவரும் ஒப்புக்கொண்டார், டீ வந்த பிறகு.

*

நேற்று மணலியில், எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலைச் சந்திப்பில் முக்கால் மணி நேரம். சுத்திகரிப்பு ஆலைத் தீ வானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முள் 11.9. ஹெட்லைட்டை அணைத்துப் பார்க்கிங் விளக்கு மட்டும் வைத்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். 13.1. முன்னால் நின்ற டிரெய்லர் ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.