இரண்டு குதிரையும் ஒரு தண்ணீர் பாட்டிலும்

மடகாஸ்கர் தலைநகரின் மேடுபள்ளங்களில் துருப்பிடித்த பிரெஞ்சு கார்கள் இன்னும் டாக்சியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட வைப்பது எப்படி, அதற்கு விலை கொடுப்பது யார்?

அந்தனானரிவோவில் பழைய டாக்சி ஒன்றைப் பிடித்தால், வண்டி முதலில் போகும் இடம் பெரும்பாலும் பெட்ரோல் பங்க்தான். பேசிய வாடகையில் ஒரு பகுதியை டிரைவர் முன்பணமாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்தக் காசுக்கு ஒன்றோ இரண்டோ லிட்டர் பெட்ரோல் போடுவார். பல வண்டிகளில் அது டாங்க்கில் விழாது. ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் விழும். பாட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எஞ்சினுக்குப் போகும். அவ்வளவுதான், பயணம் தொடங்கிவிடும்.

முதல் முறை பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் காரணங்கள் உண்டு. நாற்பது வயதான வண்டியின் டாங்க் உள்ளே துருவேறிக் கிடக்கும். துருத்தூள் பெட்ரோலோடு வந்து கார்புரேட்டரை அடைக்கும். பெட்ரோல் அளவைக் காட்டும் முள் எந்தக் காலத்திலோ நின்றுவிட்டிருக்கும். பாட்டில் என்றால் மிச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். தவிர, டிரைவர்களில் பலருக்கு வண்டி சொந்தமில்லை, நாள் வாடகைக்கு எடுத்தது. மாலையில் வண்டியைத் திருப்பி விடும்போது தன் காசில் வாங்கிய பெட்ரோலை அதில் விட்டுப் போக யாருக்கு மனம் வரும்?

மடகாஸ்கரின் தலைநகரான இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'தானா' என்கிறார்கள். குன்றின் உச்சியில் பழைய அரசர்களின் 'ரூவா' அரண்மனை. 1995 நவம்பரில் தீயில் கருகி, பிறகு மீட்டுக் கட்டப்பட்டது. அடிவாரத்தில் அனலகேலி சந்தை. இரண்டுக்கும் நடுவே கல் பாவிய செங்குத்தான தெருக்கள், வளைவுகள், நூற்றுக்கணக்கான படிகள். இந்தத் தெருக்களில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும் பழைய டாக்சிகளெல்லாம் பாலாடை நிறம். அவற்றில் இரண்டு ரகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று சிட்ரோயன் 2 சிவி. மற்றது ரெனால்ட் 4.

'2 சிவி' என்றால் இரண்டு குதிரை. எஞ்சினின் உண்மையான சக்தியை அது சொல்லவில்லை. பிரான்ஸில் வரி போடுவதற்காக வைத்திருந்த குதிரைக் கணக்கு அது. 1930களில் சிட்ரோயன் நிறுவனத்தின் தலைவராக இருந்த பியர் பூலாஞ்சே, குதிரை வண்டியில் சந்தைக்குப் போகும் விவசாயிக்காக ஒரு கார் செய்யச் சொன்னார். அதில் ஆட்களோடு ஐம்பது கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்ற முடிய வேண்டும். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது. பழுது பார்ப்பதோ சுலபமாக இருக்க வேண்டும். போர் குறுக்கிட்டதால் 1948இல்தான் அந்தக் கார் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. 1990 ஜூலையில் போர்ச்சுகல் தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவரும் வரை 38 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்குப் போட்டியாக 1961இல் வந்ததுதான் ரெனால்ட் 4. அது 80 லட்சத்தைத் தாண்டியது.

இவை இந்தத் தீவுக்கு வந்ததற்குக் காரணம் வரலாறு. 1896 முதல் 1960 வரை மடகாஸ்கர் பிரெஞ்சுக் காலனி. சுதந்திரத்துக்குப் பிறகும் சாலையில் பிரெஞ்சு கார்கள்தான். தங்கிவிட்டதற்குக் காரணம் பணமுடை. 1975இல் ஆட்சிக்கு வந்த திதியே ரட்சிராகா சோஷலிசப் பாதையை அறிவித்தார். 1980களில் கடன் கழுத்தை நெரித்தது, அந்நியச் செலாவணி வற்றியது, இறக்குமதி சுருங்கியது. புது வண்டி வராத ஊரில் இருக்கிற வண்டியைச் சாக விடாமல் பார்த்துக்கொள்வதே தொழிலாகிவிட்டது. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் வரிசையில் காத்துக் கிடந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அனலகேலியில் நான் அமர்த்திய 2 சிவியின் டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டி அவருக்கே சொந்தம். அதற்கு முன் எத்தனை கை மாறியது என்பது அவருக்கே தெரியாது. வாங்கிய முதல் வாரம் சவாரி எதுவும் எடுக்காமல், வண்டியைப் பிரித்து மேய்வதிலேயே கழித்தாராம். பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் எஞ்சினைக் கேட்பார், அது தப்பு என்பது அவர் கட்சி. எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் மாட்டிக்கொள்ளலாம். சாஸி போனால் வண்டியே போயிற்று.

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2 சிவியின் சாஸி என்பது மெல்லிய தகடுகளைச் சேர்த்துச் செய்த தட்டையான பெட்டி. மழைக்காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரை, இந்த மேட்டுநிலத்துச் செம்மண் சேறாகி எல்லா இடுக்கிலும் அப்பிக்கொள்கிறது. பெட்டிக்குள் போன ஈரம் வெளியே வருவதில்லை. துரு உள்ளிருந்து தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும். அதனால் வாங்குகிறவர் தரையில் படுத்து, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சாஸி நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்னும். உளுத்தது பொத்தென்று சத்தம் கொடுக்கும். கதவின் இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். கால் வைக்கும் தரையையும், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்பையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

ரெனால்ட் 4க்கு நோய் வேறு இடத்தில். அதன் சக்கரங்களைத் தாங்குவது முறுக்குக் கம்பிகள். பின்சக்கரங்களுக்கான இரண்டு கம்பிகளும் வண்டியின் குறுக்கே, ஒன்றன் பின் ஒன்றாகக் கிடக்கின்றன. அதனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அதிகம். தெரியாமல் டேப் வைத்து அளந்தவர் விபத்தில் நசுங்கிய வண்டி என்று முடிவு கட்டிவிடுவார். அது பிறவியிலேயே அப்படித்தான். பார்க்க வேண்டியது கம்பிகளைப் பிடித்திருக்கும் இடங்களை. அங்கே துரு தின்றிருந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டலாம்.

சாஸி தேறிவிட்டால் மீதியைக் கற்றுக்கொள்ளலாம். 2 சிவியின் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்க, முன்னால் உள்ள விசிறி காற்றடித்துக் குளிர்விக்கிறது. கொதித்து நிற்பதற்குத் தண்ணீரே இல்லை. ஆனால் சூட்டின் பெரும்பங்கை ஆயில் சுமப்பதால், ஆயில் குறைந்தாலோ விசிறிக்குப் பின்னால் உள்ள ஆயில் கூலரில் செம்மண் அடைத்துக்கொண்டாலோ எஞ்சின் வெந்துவிடும். என் டிரைவர் காலையில் முதலில் செய்வது ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பது. டிஸ்ட்ரிபியூட்டர் என்பதும் இதில் இல்லை. இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி விடும். பாயின்ட் மட்டும் விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைச் சரி செய்ய முதலில் விசிறியைக் கழற்ற வேண்டும். மற்றதெல்லாம் திறந்த புத்தகம். முன் மட்கார்டு சில போல்ட்களில் கையோடு வரும். கதவை மேலே தூக்கினால் கழன்றுவிடும். சீட்டை எடுத்து வெளியே போட்டு உட்காரலாம். செல்ஃப் எடுக்காவிட்டால் சக்கரம் கழற்றும் ஸ்பானரே முன்னால் செருகிச் சுற்றும் ஹாண்டிலாகவும் ஆகும்.

இரண்டு விஷயத்தில்தான் அலட்சியம் கூடாது. ஒன்று, முன்சக்கரங்கள் திரும்பும் கிங்பின். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். கற்சாலையில் அதற்கும் முன்பே. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்துவிடும். இன்னொன்று பிரேக் ஆயில். பழைய டிரம் பிரேக் வண்டிகளுக்கு வழக்கமான பிரேக் ஆயில். 1981க்குப் பிறகு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு வந்தவற்றுக்குப் பச்சை நிறத்தில் ஒரு கனிம எண்ணெய். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். இந்த இறக்கங்களில் அதன் பலனைச் சொல்லத் தேவையில்லை.

துருவுக்கு வைத்தியம் பட்டறையில் நடக்கிறது. பட்டறை என்றால் தெருவோரம் ஒரு தகரக் கூரை, ஒரு வெல்டிங் மெஷின், சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய உறுப்புகள். உளுத்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அளவாகத் தட்டிய துண்டை வைத்துப் பற்றவைக்கிறார்கள். உளுத்ததன் மேலேயே ஒட்டுப்போட்டு பட்டி பூசினால் அடுத்த மழைக்குள் ஒட்டு கையோடு வந்துவிடும் என்பது அங்கே வேலை பழகும் பையனுக்கும் தெரியும். வேலை முடிந்ததும் சாஸியின் ஓட்டைகள் வழியே பழைய எஞ்சின் ஆயிலைப் பீய்ச்சிவிடுகிறார்கள். நாற்றம் இரண்டு நாள் இருக்கும். ஈரம் அண்டாது.

இந்தக் கைத்திறன் ஒரு முறை புது வண்டியே செய்து பார்த்தது. 1985இல் தெற்கே ஃபியனரன்சுவாவில் 'கரேன்ஜி' என்ற மடகாஸ்கர் கார் பிறந்தது. உடல் உள்ளூர்த் தயாரிப்பு, எஞ்சின் ரெனால்ட். 1989இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது அவர் நின்று கையசைத்த வண்டி அந்தத் தொழிற்சாலையில் செய்ததுதான். 1990களில் தொழிற்சாலை மூடிக்கிடந்தது. பிறகு உயிர்பெற்று, 2019இல் போப் பிரான்சிஸ் வந்தபோதும் அதுவே வண்டி செய்து கொடுத்தது.

சுற்றுலாப் பயணிகளுக்கு இதெல்லாம் பரவசம். பழைய பால் டின்களை வெட்டிச் செய்த பொம்மை 2 சிவியை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். டிரைவரின் கணக்கு வேறு. உலக வங்கிக் கணக்குப்படி இந்த நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வறுமையில் இருக்கிறார்கள். இறக்கம் வந்தால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு போகிறார்கள். அந்த நேரத்தில் எஞ்சின் பிடிமானம் கிடையாது. வண்டியை நிறுத்துவதற்கு பிரேக் மட்டும்தான் துணை. மோதினால் தகடு தாங்காது. காற்றுப் பை கிடையாது. பின்சீட்டில் பெல்ட்டும் கிடையாது. ஏற்றத்தில் வருகிற நீலப் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பதும் டிரைவர்தான். பழமையின் அழகைக் காட்டி அவரை இதிலேயே இருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

புது கார் கிடைத்தால் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டேன். இந்த நிமிடமே என்றார், யோசிக்கவே இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார். அது வழியில் நின்றுவிட்டால் யார் திறப்பார்கள்?

கேள்வி நமக்கும் பொருந்தும். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனால்ட்டும் திருவள்ளூரில் சிட்ரோயனும் தயாராகின்றன. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் எஞ்சின், சோதிக்கத் தனிக் கருவி. மோதலில் உயிரைக் காப்பாற்றுவதிலும் புகையைக் குறைப்பதிலும் பாட்டனோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் பானெட்டைத் தூக்கினால் சொந்தக்காரர் தொடக்கூடியது ஆயில் குச்சியும் கண்ணாடி கழுவும் தண்ணீரும்தான். மும்பையில் இருபது வருட உச்சவரம்பின்படி 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சிகள் சாலையை விட்டுப் போயின. வண்டிகள் போக வேண்டியவைதான். அவற்றோடு, காதால் கேட்டே கோளாறு சொன்ன ஒரு மெக்கானிக் கூட்டமும் வேலை இழந்தது. வண்டிக்கு உச்சவரம்பு வைத்தவர்கள் அந்த அறிவை எங்கே கொண்டு சேர்ப்பது என்று யோசிக்கவில்லை.

தானாவில் வண்டிக்குக் கடைசிக் காலம் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் கதவுகள் வேறு வண்டிக்குப் போகும். பிறகு கியர்பாக்ஸ், சீட், விளக்கு. தலைநகருக்குத் தெற்கே 70 கிலோமீட்டர் தூரத்தில் அம்பதுலாம்பி என்ற சிற்றூர் இருக்கிறது. அலுமினியம் உருக்குவது அந்த ஊர்த் தொழில். பழைய எஞ்சின் துண்டுகள் மற்ற காயலான் சாமான்களோடு அங்கே வந்து சேருகின்றன. கரியும் மண்ணும் கலந்த அச்சில் வெறுங்கையோடு வார்த்து, வீட்டுக்கு வீடு அரிசிச் சோறு பொங்கும் பானையாக வெளியே எடுக்கிறார்கள். கடைவாசலில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் அந்தப் பானைகளில் எது ஒரு காலத்தில் டாக்சியாக ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது.